மலையகத்தில் மவுண்டன் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பக்கம் மவுண்டன் பைக்கோடு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நேற்றுத்தான் கியர் சைக்கிள் வாங்கியவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது, கல்லு ரோட்டில் இறங்கிப் பழகியவருக்கும் இருக்கிறது.

மலையகத்தில் மவுண்டன் பைக்குக்கென்றே போட்ட பாதைகள் இருக்கின்றனவா?

பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் பூசிப் பலகை நட்ட பாதைகளை எதிர்பார்த்து வர வேண்டாம். இங்கே நம்மிடம் இருப்பது தோட்ட ரோட்டு. இலங்கையில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென்று ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867 இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் வெட்டத் தொடங்கிய வண்டிப் பாதைகள் தேயிலையோடு சேர்ந்து மலை மலையாகப் பரவின. மாடு இழுக்கும் வண்டி ஏற வேண்டும் என்பதால் பழைய ரோட்டுகளை நேராக மேலே விடாமல், மலையைச் சுற்றிச் சுற்றி, கொண்டை ஊசி வளைவு வைத்துக் கொண்டுபோனார்கள். மிதித்து ஏறுபவருக்கு இதைவிட நல்ல காரியத்தை யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது.

இந்த ரோட்டுகள் இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையையும் தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்களையும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கின்றன. ஆகவே நீங்கள் ஓட்டப்போவது விளையாட்டு மைதானத்தில் அல்ல. ஒருவர் வேலை செய்யும் இடத்திலும் இன்னொருவர் வீட்டு வாசலிலும்தான் ஓட்டப்போகிறீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

எந்தப் பாதை இலகு, எது கஷ்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோமீற்றரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பன்னிரண்டு கிலோமீற்றர் என்று வரைபடம் சொல்லும் பாதை அரை நாளைத் தின்றுவிடும். அந்த ரோட்டில் எந்த வாகனம் போகிறது என்று கேளுங்கள். அதுதான் இங்கே சரியான அளவுகோல்.

பறித்த தேயிலையை ஏற்றும் கொழுந்து லொறி போகும் ரோட்டு என்றால் புதியவரும் போகலாம். ஏற்றம் நீளமாக இருக்கும், ஆனால் மூச்சுவிட இடம் கொடுக்கும். ட்ராக்டரும் ஜீப்பும் மட்டும் போகிறது என்றால் உடைந்த கல்லும் பள்ளமும் தண்ணீர் அரித்த வாய்க்காலும் இருக்கும். அதற்கு நடுத்தர அனுபவம் வேண்டும். ஆட்கள் மட்டும் நடந்து போகும் குறுக்குப் பாதை என்றால் படி, வேர், செங்குத்தான இறக்கம் எல்லாம் வரும். நன்றாகத் தேர்ந்தவர்கூட அதில் பல இடங்களில் சைக்கிளைத் தூக்கித்தான் நடக்க வேண்டும்.

வழியில் யாரிடமாவது கேட்கும்போது “சைக்கிள் போகுமா?” என்று கேட்காதீர்கள். “போகும், போகும்” என்றுதான் பதில் வரும். “கொழுந்து லொறி போகுமா, அண்ணே?” என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும். அதேபோல “கிட்டத்தான்” என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கும் காலுக்குக் கிட்ட இருப்பது, உங்கள் காலுக்குக் கிட்ட இருக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு கொங்கிரீட் ரோட்டு. அண்மைய ஆண்டுகளில் பல தோட்டங்களில் லயத்துக்கு ஏறும் பாதைகளைக் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சில இடங்களில் கூரை மாதிரிச் சரிவு, நிழலான பகுதியில் பாசி. மழை பெய்தபின் அதில் இறங்குவதைவிட உடைந்த கல்லு ரோட்டில் இறங்குவது நல்லது.

இதுதான் முதல் தடவை. எங்கே தொடங்கலாம்?

நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி ஓட்டி, கியர் மாற்றிப் பழகுங்கள். அங்கே சனம் அதிகம், சுவாரஸ்யம் குறைவு. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் மூச்சு எப்படி வாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்ததாக அம்பேவெல – பட்டிப்பொல பக்கம். புல்வெளியும் பால் பண்ணையும் மரக்கறித் தோட்டமும் நடுவே மேடு பள்ளமாகப் போகும் ரோட்டு. பட்டிப்பொல ரயில் நிலையம்தான் நாட்டிலேயே உயரமான நிலையம், 1,898 மீற்றர். ரயிலில் வந்து அங்கே இறங்கிவிட்டால் பெரிய ஏற்றத்தையெல்லாம் கோச்சியே ஏறித் தந்துவிடும்.

என்னிடம் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் ஹட்டன் பக்கத்தைச் சொல்வேன். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையை ஒட்டி, நோர்வூட் பக்கமாகப் போகும் ரோட்டுகள் தண்ணீர் மட்டத்தோடு வளைந்து வளைந்து போகின்றன. பெரிய ஏற்றம் இல்லை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தண்ணீர். வானம் தெளிந்தால் தூரத்தில் சிவனொளிபாத மலை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் வார இறுதி என்றால் நல்லதண்ணி ரோட்டில் பஸ்ஸும் வேனும் இரவு பகலாக ஓடும். அந்த நாட்களில் பிரதான ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் போங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். சைக்கிள் நன்றாக ஓட்டுவோம், ஆனால் சமதரையில்தான். சமாளிப்போமா?

ஏற்றத்தைச் சமாளிப்பீர்கள். தினமும் எதிர்க்காற்றில் மிதித்த கால் வீண்போகாது. சிறிய கியரில் போட்டு, அவசரப்படாமல், உட்கார்ந்தபடியே மிதிக்கப் பழகினால் போதும். மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளுங்கள், இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிக்கல் இறக்கத்தில்தான். சமதரையில் வளர்ந்தவருக்கு பிரேக் என்பது நிற்பதற்கான சாமான். இங்கே அரை மணி நேரம் தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டி வரும். பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் சில்லு வழுக்கும், முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் ஹான்டிலுக்கு மேலால் போவீர்கள். இரண்டையும் மெதுவாக, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போனபின் குறைக்கப் பார்க்கக்கூடாது. உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து நில்லுங்கள். முதல் நாள் காலையில் ஒரு சின்ன இறக்கத்தில் இதை மட்டும் பழகுங்கள். “மேலே ரயிலில் போய் இறங்கி வருவோம், அதுதான் லேசு” என்று திட்டம் போடுபவர்களுக்குத்தான் முழங்கை தோல் போகிறது.

கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. ஒரு முழு நாளுக்கு நல்ல பாதை எது?

ஹப்புத்தளை – டம்பேத்தன்ன – லிப்டன் சீட். இது எல்லோரும் சொல்லும் பாதைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹப்புத்தளை நகரிலிருந்து 1890 இல் கட்டிய டம்பேத்தன்ன தொழிற்சாலை வரை பத்துக் கிலோமீற்றர் அளவு, மலைச்சரிவின் விளிம்போடு போகும் ரோட்டு. தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலை உச்சிக் காட்சிமுனைக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர் ஏற்றம், கொழுந்து மலைகளுக்கு நடுவே மடிந்து மடிந்து. காலை ஒன்பது மணிக்குப் பிறகு கீழிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். எனவே விடியற்காலையே புறப்படுங்கள். திரும்பும்போது ஆட்டோக்கள் மேலே வந்துகொண்டிருக்கும், குருட்டு வளைவுகளில் மணியடித்துக்கொண்டே இறங்குங்கள்.

கண்டிப் பக்கம் என்றால் ஹந்தானை. நகரிலிருந்து ஏறி, 1925 இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தைத் தாண்டினால் தோட்ட ரோட்டு தொடங்கும். அங்கிருந்து கலஹா வரை போகலாம். இன்னும் பலம் இருந்தால் தெல்தோட்டை, லூல்கந்துர. டெய்லரின் பழைய தோட்டம் வரை மிதித்துப் போய்விட்டு, அங்கே ஒரு பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) குடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லாந்தைக்கு இறங்கும் ரோட்டும் நல்லது. காட்சி திறந்து கிடக்கும், வாகனம் குறைவு. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலைப் பக்கமும் நல்லதுதான். பிரதான ரோட்டில் மரக்கறி லொறிகள் பறக்கும் என்பதால், அதற்குப் பக்கத்தில் ஓடும் தோட்ட ரோட்டுகளைத் தேடிப் பிடியுங்கள்.

எல்லவை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒன்பது வளைவுப் பாலத்தைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதைகளில் நடப்பவர்களே இடிபட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கே சில்லையும் கொண்டுபோய்த் திணிக்க வேண்டுமா?

கைதேர்ந்தவர்களுக்கு?

ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் கலுபஹனவுக்கு இறங்கும் பாதை. டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்ற பெயரில் ஜீப்காரர்களும் மலையேறுபவர்களும் நன்றாக அறிந்த பாதை அது. ஒஹிய 1,700 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பலாங்கொடை – ஹப்புத்தளை பிரதான ரோட்டு மட்டத்துக்கு இறங்குகிறீர்கள். உருளும் கல், கூரான வளைவு, பக்கத்தில் தடுப்பு இல்லாத சரிவு. நாட்டின் உயரமான நீர்வீழ்ச்சியான பம்பரகந்த, 263 மீற்றர், இந்தப் பாதையின் கீழ்ப்பகுதிக்குக் கிட்ட இருக்கிறது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். நடுவில் சைக்கிள் உடைந்தால் உங்களை ஏற்றிக்கொண்டு வர ஒரு ஆட்டோவும் அங்கே வராது.

கலுபஹனவிலிருந்து ஒஹியவுக்கு இதே வழியால் மிதித்து ஏறலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏறலாம். ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஓட்டலாமா?

பொது ரோட்டுகளில் ஓட்டலாம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப் தாண்டி மீமுரே கிராமத்துக்கு இறங்கும் ரோட்டு, மாத்தளையிலிருந்து றத்தோட்டை, ரிவஸ்டன் வழியாக இலுக்கும்புரவுக்குப் போகும் ரோட்டு, இரண்டும் அருமையானவை. ரிவஸ்டன் கணவாயில் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும், ஹான்டிலை இறுகப் பிடியுங்கள். மீமுரேக்கு இறங்கினால் அதே வழியால்தான் ஏறி வரவேண்டும் என்பதை இறங்கும்போதே யோசியுங்கள்.

காட்டுக்குள் போகும் நடைபாதைகள் வேறு விஷயம். நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத வனப்பகுதி மூன்றும் சேர்ந்து 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டவை. நக்கிள்ஸ் காடு வனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சில்லை உள்ளே விடாதீர்கள்.

ஹோட்டன் சமவெளிக்குள், உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை, சைக்கிளில் போகலாமா?

இல்லை. உள்ளே இருக்கும் 9 கிலோமீற்றர் அளவிலான சுற்றுப்பாதை நடப்பதற்கு மட்டும். பட்டிப்பொலவிலிருந்தும் ஒஹியவிலிருந்தும் பூங்காவை நோக்கி ஏறும் ரோட்டுகள் ஓட்டுவதற்கு அருமையானவை. ஆனால் நுழைவாயிலுக்கு அப்பால் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட்டும் அவர்களுடைய விதியும் பொருந்தும். விடியற்காலையில் சுற்றுலா வேன்கள் வரிசையாக ஏறும், அவை போனபின் ஏறுங்கள்.

பெக்கோ ட்ரெயில் என்கிறார்களே, அதில் ஓட்டலாமா?

அது நடப்பவர்களுக்காக அடையாளமிட்ட, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பாதை. கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்லப் பக்கமெல்லாம் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள். பெரும்பாலும் பழைய தோட்ட ரோட்டுகளைத்தான் கோர்த்திருக்கிறார்கள். அதனால் நிறைய இடங்களில் சைக்கிள் போகும், சில இடங்களில் ஒற்றையடிப் பாதையும் படியும் வந்து மறிக்கும். முதல் கட்டமான ஹந்தானை – கலஹா பழகுவதற்கு நல்லது. எதிரே நடந்து வருபவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

எந்த மாதம் வருவது நல்லது?

எந்த மாதம் என்பதோடு மலையின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்குத் தேயிலைக்காரர்களின் கணக்கைப் பின்பற்றினால் தவறாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா உள்ள மேற்குச் சரிவில் நல்ல மணமுள்ள தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை உள்ள ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வறண்ட காற்று வீசிக் கொழுந்து மெதுவாக வளரும் மாதங்கள் அவை. அந்தக் காற்றுத்தான் ரோட்டையும் காயவைக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி இந்தக் காலத்தில்தான். ஹட்டனில் குடை பிடித்தவர் அதே நாளில் ஹப்புத்தளையில் வெயில் காய்வார். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு ஊவாவும் நக்கிள்ஸின் கிழக்குப் பக்கமும் நனையும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாக இருந்து, மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும். எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணிக்குள் முடிக்கப் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலை புல்லில் உறைபனி விழும் நாட்கள் உண்டு. கையுறை இல்லாமல் இறங்கினால் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் நுவரெலியா டவுனுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போக முடியாது. அந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

மண்சரிவு பயம் இருக்கிறதா?

இருக்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தையே குலுக்கிப் போட்டது. பிரதான ரோட்டுகளும் ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன, தோட்ட ரோட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய வரைபடத்தையும் பழைய ஜிபிஎஸ் தடத்தையும் நம்பிப் புறப்படாமல், போகும் ஊரில் ஒருவரிடம் ரோட்டு இப்போது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று கட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடும். நீங்கள் போகும் பிரிவின் பெயர் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் சில அடையாளங்களைக் கவனியுங்கள். ரோட்டில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும் அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம், விலகிப் போங்கள்.

தோட்டத்துக்குள் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் பெரிய தோட்டங்களைப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. ஊரையும் பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் இணைக்கும் ரோட்டில் போவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் இஸ்டோருக்குப் பக்கத்திலும் பங்களாவுக்கு ஏறும் ரோட்டிலும் கேட் இருக்கும், வாச்சர் இருப்பார். சைக்கிளை விட்டு இறங்கி, “அண்ணே, இப்படியே மேல்கணக்குக்கு (மேல் டிவிஷனுக்கு) போய் அந்தப் பக்கம் இறங்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். குழுவாக வந்தால் முன்கூட்டியே தோட்ட ஒஃபீஸுக்கு அழைத்துத் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், சொல்லிவிடுவது நல்லது. வாச்சர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். உங்களை விட்டதற்காகப் பிறகு ஏச்சு வாங்கப்போவது அவர்தான்.

அப்புறம் சில விஷயங்கள். தேயிலை நிரைக்குள் சில்லை விடக்கூடாது. மண் அரித்துப்போகாமல் வெட்டி வைத்த கான்கள் அங்கே இருக்கின்றன, ஒரு கான் இடிந்தால் அடுத்த மழையில் மேல்மண் போய்விடும். கொழுந்து நிறுக்கும் நேரங்களில், அதாவது காலைப் பொழுதின் நடுவிலும் மத்தியானமும் சாயந்தரமும், லொறி இறங்கும். ஒற்றை வாகன அகலமான ரோட்டில் அதற்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்தைச் சுமந்து வரும் அக்காமாருக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் வேகமாகக் கடக்காதீர்கள். தூரத்திலிருந்தே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, பள்ளத்துப் பக்கம் நீங்கள் போங்கள். மருந்தடிக்கும் மலை என்று தெரிந்தால் வேறு வழியால் சுற்றுங்கள்.

படம் எடுக்கும் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேலைக்கு நிற்பவரை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குளிப்பவரை, லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். தேயிலைக்கு நடுவே அழகாகத் தெரிவதற்காக அவர்கள் அங்கே நிற்கவில்லை.

ரயில் தண்டவாளத்தோடு போனால் குறுக்கு வழி என்கிறார்களே?

தண்டவாளத்தில் நடப்பதும் சைக்கிள் தள்ளுவதும் சட்டப்படி குற்றம். சுரங்கத்துக்குள் ஒதுங்க இடமில்லை. பனிமூட்டத்தில் கோச்சி வருவது கடைசி நிமிடத்தில்தான் தெரியும். வேண்டாம்.

எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்? என்ன சாமான் கொண்டுவர வேண்டும்?

லொறி ரோட்டுகளுக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுண்டன் பைக் தாராளமாகப் போதும். விலை கூடிய சட்டத்தைவிட முக்கியமானவை மூன்று. பின்னால் பெரிய பல்லுச்சக்கரம் உள்ள இலகு கியர், குறைந்தது 2.1 அங்குல அகலமான டயர், நல்ல டிஸ்க் பிரேக். கல் பதித்த பழைய ரோட்டுகளில் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் கை நோவு குறையும்.

பிரேக் கட்டைகளை மேலதிகமாக ஒரு சோடி கொண்டுவாருங்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் ரெசின் கட்டை ஒரே நீண்ட இறக்கத்தில் பாதி தேய்ந்துவிடும். மழைக் காலத்துக்கு உலோகக் கட்டை நல்லது. டவுன்களில் உள்ள சைக்கிள் கடைகளில் டியூபும் பஞ்சர் ஒட்டும் வேலையும் கிடைக்கும், ஆனால் உங்கள் டிஸ்க் பிரேக்குக்குப் பொருந்தும் கட்டை கிடைக்கும் என்று எண்ணி வரக்கூடாது. இரண்டு டியூப், பம்ப், செயின் கழற்றும் கருவி, முன்னும் பின்னும் லைட், மெல்லிய மழைக்கோட்டு ஆகியவையும் வேண்டும். பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் விழுந்து பத்து மீற்றர் தெரியாமல் போகும், லைட் எதற்கு என்று அப்போது புரியும். ஹெல்மட் பற்றிக் கேள்வியே வேண்டாம், போடுங்கள்.

வாடகைக்குக் கிடைக்குமா?

கண்டி, நுவரெலியா, எல்லவில் கிடைக்கும். தரம் கடைக்குக் கடை வேறுபடும். வாங்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், சில்லு அசையக்கூடாது. எல்லாக் கியரும் விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். அதில் திருப்தி இல்லையென்றால் வாவியைச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சைக்கிளை ரயிலில் கொண்டுவரலாமா?

பார்சலாக எழுதிக் கார்ட் பெட்டியில் ஏற்றலாம். புறப்படும் நிலையத்துக்கு நேரத்தோடு போய், அந்த ரயிலில் இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், எல்லா ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள். டித்வாவுக்குப் பிறகு மலையகப் பாதையில் முழுத் தூரமும் ஓடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு சின்ன லொறி பிடிப்பதே தலைவலி இல்லாத வேலை.

சிறுத்தை, பாம்பு, அட்டை?

சிறுத்தை மலையகத்தில் இருக்கிறது, தேயிலைக்குள்ளும் வரும். ஆனால் நீங்கள் அதைக் காணுமுன் அது விலகிவிடும். விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் காட்டோரத்தில் ஓட்டாமல் இருந்தால் போதும். அட்டை கடித்தால் பயமில்லை. சவர்க்காரத்தையோ உப்பையோ காலுறையில் தேய்த்துக்கொண்டு போங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி, உயிர் போனதும் உண்டு. பெரிய மரங்களிலும் பாறை இடுக்கிலும் தேயிலைத் தூருக்குள்ளும் கூடு இருக்கும். “அந்தப் பக்கம் குளவி” என்று யாராவது சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியே வேகமாக விலகுங்கள். ஒவ்வாமை உள்ளவர் மருந்தில்லாமல் வரவே கூடாது.

நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

பெண்கள் தனியாக ஓட்டலாமா? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

பகலில், லொறி ரோட்டுகளில், பெண்கள் ஓட்டுவதில் பிரச்சினை குறைவு. வேலைக்கு நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால் ரோட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். “எங்கம்மா தனியா போறீங்க?” என்ற கேள்வி வரும், அது அக்கறைதான். காட்டுப் பாதைகளுக்கு, ஆண் பெண் யாராக இருந்தாலும், இரண்டு பேராகப் போங்கள். பிள்ளைகளுக்கு காசல்ரீக் கரையும் அம்பேவெலவும் பொருத்தம். பிரேக் பிடிக்கும் கை போதுமான அளவு வளராத வயதில் லிப்டன் சீட் இறக்கத்துக்குக் கூட்டிவராதீர்கள்.

விழுந்து அடிபட்டால்?

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ், இலவசம். பொலிஸுக்கு 119. தோட்டத்துக்குள் அம்பியூலன்ஸ் வர நேரம் எடுக்கும், அதனால் பக்கத்து லயத்தில் சொல்லுங்கள். தோட்டத்து லொறியிலோ ஆட்டோவிலோ டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் விடுவார்கள், இதில் அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. நீங்கள் இருக்கும் தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் டிஸ்பென்சரியோடு நிற்காமல் டிக்கோயா, நுவரெலியா, தியத்தலாவ, பதுளை என்று கிட்ட உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வழியில் சாப்பாடு கிடைக்குமா?

சந்திக்கு ஒரு கடை உண்டு. ரொட்டியும் கட்டாசம்பலும், மாலுபணிஸ், கடலை, பிளேன்டி. மிதிப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டிவிஷன்களுக்கு உள்ளே போய்விட்டால் கடை அரிது, எனவே தண்ணீரைச் சந்தியிலேயே நிரப்புங்கள். பத்தாம் திகதி சம்பளம் போட்டபின் வரும் வார இறுதியில் ஹட்டன், தலவாக்கலை போன்ற டவுன்களில் கால் வைக்க இடமிருக்காது. சாப்பாட்டை டவுனுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

ஓட்டி முடித்து, சேறாகிவிட்ட சைக்கிளை எங்கே கழுவலாம்?

பீலியில் வேண்டாம். அது குடிக்கும் தண்ணீராகவும் இருக்கும், குளிக்கும் இடமாகவும் இருக்கும். நீர்த்தேக்கக் கரையிலும் வேண்டாம், செயின் எண்ணெய் மிதக்கும். டவுன்களில் வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையங்களில் மோட்டார் சைக்கிளோடு சேர்த்து இதையும் கழுவித் தருவார்கள். பிரஷர் பைப்பைப் பெயாரிங் பக்கம் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கழுவி முடிந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.